விழுக்காட்டு வள்ளல்

நன்கொடை கேட்டு வருவோரிடம், அந்தப் பணத்தில் எத்தனை விழுக்காடு ஊழியர் சம்பளத்துக்குப் போகிறது என்று வினவி, விடை எதுவாயினும் மனநிறைவு கொள்ளாமல், கொடுக்க எண்ணியிருந்த தொகையைச் சட்டைப் பைக்குள் பத்திரமாகத் திருப்பி வைத்துக்கொள்ளும் பெரியவரை விழுக்காட்டு வள்ளல் எனலாம். இவ்வகையினர் உலகெங்கும் உளர். கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் களமருதூரில் காணப்படுபவர் ஓய்வூதியமும் கொஞ்சம் கரும்பு நிலமும் தேநீர்க் கடைப் பெஞ்சில் நிரந்தரமான ஓர் ஓரமும் உடையவராயிருப்பார். கல்வராயன் மலைக் குழந்தைகளின் படிப்புக்கென ரசீதுப் புத்தகத்துடன் வரும் இளைஞரை உட்காரவைத்து, டீயும் வாங்கிக் கொடுத்த பின்னரே அவர் விசாரணையைத் தொடங்குவார். "தம்பி, உங்க டைரக்டருக்குச் சம்பளம் எவ்வளவு?" என்பது முதல் வினா, "சம்பளம் வாங்கிக்கிட்டுச் செய்யறதுக்குப் பேரு சேவையா?" என்பது இரண்டாவது, மூன்றாவது வினாவுக்கு அவசியம் நேர்வதில்லை.

அவரது கோட்பாட்டின்படி நிர்வாகச் செலவு, அதாவது அலுவலக வாடகை, கணக்காளர் ஊதியம், தணிக்கைக் கட்டணம் என்று பயனாளியின் கையில் நேரே போய்ச் சேராத செலவு, அறவே இருத்தலாகாது. ஆயினும் ஒவ்வொரு ரூபாய்க்கும் தணிக்கை செய்த கணக்கு அவருக்கு வேண்டும். ஊதியம் பெறாத தணிக்கையாளர் ஒருவர் அவதரித்தாலன்றி இவ்விரண்டும் ஒருங்கே நிகழா. கோயில் திருப்பணிக்குக் கொடுக்கையில் இந்த ஆராய்ச்சி முழுவதும் ஓய்வெடுத்துக்கொள்கிறது. பளிங்குக் கல்லில் தம் பெயரை வெட்டியவருக்குக் கொடுத்த கூலி நன்கொடையில் எத்தனை விழுக்காடு என்று அவர் கேட்டதாகத் தகவல் இல்லை. 1961 ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் நன்கொடைக்கு வரிக்கழிவு தந்த பிரிவு 80ஜி என்று பெயர் பெற்றது. புதிய வரிமுறையைத் தேர்ந்தவர்க்கு அக்கழிவு கிடையாது. தாம் தேர்ந்தது புதிய முறையே என்பதை நன்கறிந்தும், 80ஜி ரசீது இருக்கிறதா என்று கேட்காமல் அவர் விடார்.

மலைப் பகுதியில் இக்கோட்பாட்டுக்கு வரலாற்றுச் சிக்கல் ஒன்று உண்டு. கல்வராயன் மலையில் ஜாகிர்தார்கள் எனப்பட்ட பரம்பரை நிலவுடைமைத் தலைவர்களின் ஆதிக்கம் 1976 வரை நீடித்தது. அவர்களிடம் மலையாளிப் பழங்குடியினர் கூலியின்றி உழைக்க நேர்ந்தது. அதே மலையில் ஆசிரியை ஒருவர் சம்பளமின்றிப் பாடம் சொல்ல வேண்டும் என்று கேட்பதைப் புதிய இலட்சியம் என்று கொள்வது கடினம்.

கொடையாளரின் ஐயம் அடிப்படையற்றது என்று சொல்வதற்கில்லை. அமெரிக்காவின் யுனைடெட் வே என்னும் பெரும் அறநிறுவனத்தின் தலைவர் வில்லியம் அராமொனி, சம்பளமும் செலவுகளும் அம்பலமாகி 1992 இல் பதவி விலகினார். 1995 இல் மோசடிக் குற்றத்துக்காகச் சிறைத்தண்டனை பெற்றார். இந்தியாவிலும் சட்டம் கண்ணை மூடிக்கொண்டிருக்கவில்லை. வெளிநாட்டு நன்கொடை பெறும் அமைப்பின் நிர்வாகச் செலவுக்கு இருந்த 50 விழுக்காட்டு உச்சவரம்பு 2020 இல் 20 ஆகக் குறைக்கப்பட்டது. நிறுவனர்க்கோ அவர்தம் உறவினர்க்கோ நியாயத்துக்கு மிஞ்சிய ஊதியம் கொடுத்தால் அறக்கட்டளையின் வரிவிலக்கே ஆபத்துக்குள்ளாகும். ஆகவே தலைவரின் சம்பளம் எவ்வளவு என்பதைக் காட்டிலும் அதை நிர்ணயித்தவர் அவருடைய மைத்துனரா என்பதே கூர்மையான வினா; முதல் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகளில் எத்தனை பேர் பத்தாம் வகுப்பை எட்டினர் என்பது அதனினும் கூர்மையானது. நிர்வாக விழுக்காட்டை மட்டும் கொண்டு தரம் பார்த்தல் தவறு என்று அமெரிக்காவின் மூன்று மதிப்பீட்டு அமைப்புகள் 2013 இல் கூட்டாக அறிக்கை விட்டன. அது தேநீர்க் கடை வரை இன்னும் வந்து சேரவில்லை.

அவ்வறிக்கைக்கும் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு முன்னரே தஞ்சைப் பெருவுடையார் கோயில் சுவரில் முதலாம் இராசராசன் ஊழியர் ஊதியத்தைக் கல்லிலேயே வெட்டுவித்தான். தளிச்சேரிப் பெண்டுகள் எனப்பட்ட 400 ஆடல் மகளிர்க்கு ஆளுக்கு ஆண்டொன்றுக்கு 100 கலம் நெல் என்று தொடங்கும் அப்பட்டியலில் கணக்கருக்கும் பங்கு உண்டு. கோயிலுக்குள் வருகிறவர் எவரும் படித்துக்கொள்ளலாம். விண்ணப்பம் எழுதிக் கேட்க வேண்டியதில்லை.

இதையும் எடுத்துச் சொன்னால் வள்ளல், அதே மாவட்டத்துத் திருநாவலூரில் பிறந்த சுந்தரரைத் தமக்குச் சாட்சியாக அழைப்பார். திருமுதுகுன்றத்து இறைவன் கொடுத்த 12,000 பொன்னை மணிமுத்தாற்றில் இட்ட சுந்தரர், முன்னதாகவே மச்சம், அதாவது உரைத்துப் பார்ப்பதற்கான மாதிரித் துண்டு, வெட்டி வைத்துக்கொண்டார். திருவாரூர்க் குளத்தில் அதே பொன்னை எடுத்தபோது மாற்றுக் குறைந்திருக்கக் கண்டு முறையிட்டார் என்பது பெரியபுராணச் செய்தி. சுந்தரர் அங்கே வாங்கியவர், கொடுத்தவரல்லர் என்ற நுட்பத்தை வள்ளலிடம் யாரும் சுட்டுவதில்லை.

ஈராண்டு வற்புறுத்தலின்பின் அவர் 500 ரூபாய் கொடுத்ததும் உண்டு. அதற்குரிய ரசீதையும் தணிக்கை அறிக்கையையும் நிறுவனம் விரைவுத் தபாலில் அனுப்பிவைக்க, உறையிலிருந்த அஞ்சல் கட்டணத்தை வாசித்துவிட்டு, அது எந்தத் தலைப்பில் எழுதப்பட்டது என்று விளக்கம் கேட்டு அவர் பதில் எழுதினார்; மறுமொழியையும் விரைவுத் தபாலிலேயே எதிர்பார்த்தார்.