அண்ணா வீடு விற்கிறார்

ஸ்காபரோ

அன்புள்ள அம்மாவுக்கு,

அண்ணா வீட்டை விற்கப் போகிறார் என்ற கதை எப்படியோ வெளியே போய்விட்டது. அன்றிலிருந்து அவருடைய போன் ஓயவில்லை. இங்கே தமிழ்க் கல்யாணங்களில் சாப்பாட்டு மேசைக்கு ஒரு வீட்டு ஏஜென்டாவது இருப்பார். நம் குடும்பத்திலேயே இருவர்: அண்ணியின் ஒன்றுவிட்ட தம்பி, சின்னமாமாவின் மருமகன். இருவரும் ஒரே கிழமையில் மாம்பழப் பெட்டியோடு வந்து போனார்கள்.

ஊரில் காணி விற்பதென்றால் நாலு தரகரிடம் வாயால் சொன்னால் போதும். ஆளைக் கொண்டு வருபவருக்குக் காசு, மற்றவர்களுக்குத் தேத்தண்ணி. இங்கே வழமை வேறு. ஒரு கொம்பனியோடு எழுத்தில் ஒப்பந்தம். கையெழுத்து வைத்தபின், ஒப்பந்தக் காலத்துக்குள் கோயிலில் அண்ணாவே பிடித்த ஆள் வீட்டை வாங்கினாலும் கொமிஷன் அவர்களுக்குத்தான்.

அண்ணாவின் கண்ணெல்லாம் வீதத்தில். இவ்வளவுதான் கொமிஷன் என்று சட்டம் சொல்லவில்லை, பேசித் தீர்க்கலாம். பலரும் கேட்பது 5 வீதம். அதில் பாதி, வாங்குபவரின் ஏஜென்ட் இருக்கும் கொம்பனிக்குப் போகும். வீடு 9 இலட்சம் டொலருக்குப் போனால் கொமிஷன் 45,000, அதன் மேல் 13 வீத வரி 5,850. அண்ணி இதை ரூபாயாக மாற்றிப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் கதைக்கவில்லை. அண்ணா ஒரு பின்னேரம் முழுக்கப் பேரம் பேசி, அண்ணியின் தம்பியை 4 வீதத்துக்கு இறக்கினார். வரியோடு 10,170 டொலர் மிச்சம். வீடே விற்றுவிட்டதுபோல் களிப்பு.

"எனக்கு 9 இலட்சம் தா, மேலே வருவது உனக்கு" என்றும் கேட்டுப் பார்த்தார். போட்ட விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்தைக் கொமிஷனாக எடுப்பதை ஒன்ராறியோ சட்டம் தடுக்கிறது. தம்பி கையெடுத்துக் கும்பிட்டார்.

திகதிகளை மட்டும் அண்ணா பார்க்கவில்லை. தம்பி கொண்டுவந்த ஒப்பந்தத் தாளில் எட்டு மாதம் என்று இருந்தது. ஆறு மாதத்தைத் தாண்டினால் முடிவுத் திகதிக்குப் பக்கத்தில் விற்பவர் தனியாகச் சுருக்கொப்பம் வைக்க வேண்டும். "இதிலேயும் ஒரு சின்னக் கையெழுத்து, அத்தான்" என்று தம்பி பேனையை நீட்டினார். "ஏன்?" என்றார் அண்ணி. பேனை திரும்பச் சட்டைப் பைக்குள் போனது.

அண்ணி ஏன் இப்படி விழிப்பாக இருக்கிறார் என்றால், 2023 டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, ஏஜென்ட் வேலை தொடங்குமுன் ஏஜென்ட்மாரை மேற்பார்க்கும் ஒழுங்குமுறைச் சபையின் தகவல் கையேட்டைக் கொடுத்து விளங்கப்படுத்த வேண்டும். எல்லாரும் மேசையில் போட்டுவைக்கும் அந்தக் கையேட்டை அண்ணி முழுக்க வாசித்துவிட்டார். பாவம் ஏஜென்ட்மார்.

அடுத்து 'ஹோல்டோவர்' என்ற வரியில் விரல் வைத்தார். ஒப்பந்தக் காலத்தில் வீடு பார்த்துப் போன ஒருவர், அது முடிந்து குறித்த நாட்களுக்குள் வந்து வாங்கினாலும் பழைய கொம்பனி கொமிஷன் கேட்கலாம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஏஜென்ட் கொண்டுவந்த ஆளை, ஒப்பந்தம் முடியும்வரை பொறுத்திருந்து பின்கதவால் பிடிக்க நம் ஆட்களுக்குச் சொல்லிக் கொடுக்கவா வேண்டும்? புது ஏஜென்டுக்குக் கொமிஷன் கொடுத்திருந்தால், வழக்கமான படிவத்தின்படி அந்தத் தொகை கழிபடும். ஆனால் எத்தனை நாள் என்ற இடம் வெறுமையாக இருக்கும். பேசி நிரப்ப வேண்டியது. தம்பி 180 என்று நிரப்பியிருந்தார். அண்ணி அதை வெட்டி 30 என்று எழுதினார். தம்பி மாம்பழத்தைத் தொடாமல் எழும்பிவிட்டார்.

கடைசியில் சொந்தம் எதுவுமில்லாத ஒரு பெண்மணியோடு ஒப்பந்தம்: மூன்று மாதம், ஹோல்டோவர் 30 நாள், நாலரை வீதம். அந்த அரை வீதத்துக்காக அண்ணா இன்னும் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறார். நாளைக்கு முற்றத்தில் பலகை நடுகிறார்கள், அந்தப் பெண்மணியின் சிரித்த படத்தோடு. தம்பியின் வீடு அடுத்த தெரு. அவர் உங்களுக்குப் போன் எடுத்தால், உங்களுக்கு ஒன்றும் தெரியாது.

உங்கள் கடைக்குட்டி