பானெட்டைத் திறந்து பேசுவோம்

கேள்வி: காலையில் ஸ்டார்ட் செய்ததும் என் பழைய ஸென் தெருவையே எழுப்பிவிடுகிறது. மெக்கானிக் ஒரு சோப்புக் கட்டியை எடுத்து பெல்ட்டில் தேய்த்தார். சத்தம் நின்றுவிட்டது. வைத்தியம் சரிதானே?
– தெருவுக்குப் பயந்தவர், தஞ்சாவூர்

பதில்: நோயாளியின் வாயைப் பொத்தியிருக்கிறார், அவ்வளவுதான். அடுத்த மழையில் சோப்பு கரையும், கச்சேரி தொடங்கும். சோப்பை விடுங்கள், ஒரு டம்ளர் தண்ணீர் எடுங்கள். வண்டி ஐட்லிங்கில் இருக்கும்போது, கையையும் துண்டையும் தள்ளி வைத்துக்கொண்டு, பெல்ட்டின் உள்பக்கம் லேசாகத் தெளியுங்கள். சத்தம் சற்று அடங்கி மறுபடி வந்தால், புல்லிகள் ஒரே நேரில் இல்லை. தண்ணீர் பட்டதும் சத்தம் கூடினால், டென்ஷன் போதாமல் பெல்ட் வழுக்குகிறது. ஆல்டர்னேட்டர் இந்த பெல்ட்டை நம்பித்தான் சுற்றுகிறது. பல பழைய கார்களில் வாட்டர் பம்பும் அப்படியே. கிறீச் சத்தத்தை அலட்சியம் செய்தால் முதலில் பேட்டரி விளக்கு எரியும், அப்புறம் டெம்பரேச்சர் முள் ஏறும். தெரு தூங்கும், நீங்கள் தூங்க மாட்டீர்கள்.

கேள்வி: அப்பாவின் 1985 அம்பாசிடருக்கு டைமிங் பெல்ட் கேட்டேன். கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். ஏன்?
– அவமானப்பட்ட வாரிசு, காரைக்குடி

பதில்: இல்லாத பொருளைக் கேட்டால் சிரிக்காமல் என்ன செய்வார்? அந்த 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினில் கேம்ஷாஃப்டைச் சுற்றுவது செயின். கேம்ஷாஃப்ட் கீழே பிளாக்கிலேயே இருக்கிறது. தூரம் குறைவு, செயினே போதும். கேம்ஷாஃப்டை எஞ்சினின் தலைக்கு ஏற்றிய பிறகுதான் பல் வைத்த ரப்பர் பெல்ட்டுக்கு வாழ்வு வந்தது. 1962-இல் ஜெர்மனியின் கிளாஸ் 1004 கார் அதற்கு வழி காட்டியது. உங்களுக்கு வேண்டியது ஃபேன் பெல்ட். அதையே கேளுங்கள், சிரிக்காமல் எடுத்துத் தருவார். அது மதுரைச் சரக்காகவும் இருக்கலாம். ஃபென்னர் வி-பெல்ட்டுகளுக்குப் பூர்வீகம் அங்கே கோச்சடை.

கேள்வி: ஒரே மாடல், ஒரே வருடம். நண்பன் காருக்குப் பொருந்திய பெல்ட் என் காருக்குப் பொருந்தவில்லை. கம்பெனி ஏமாற்றுகிறதா?
– சந்தேகி, வேலூர்

பதில்: நண்பன் காரில் ஏ.சி. இருக்கிறதா, உங்களுடையதில் பவர் ஸ்டீயரிங் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சந்தேகப்படுங்கள். கூடுதலாக ஒரு புல்லி வந்தாலே பெல்ட்டின் பாதை மாறிவிடும், நீளமும் மாறிவிடும். மாடல் பெயரையும் வருடத்தையும் மட்டும் சொல்லி பெல்ட் வாங்குவது, பெண்ணின் பெயரை மட்டும் சொல்லி வளையல் வாங்குவது போல.

பெல்ட்டின் முதுகில் 4பிகே850 என்பதுபோல ஒரு நம்பர் இருக்கும். 4 என்பது உள்பக்கம் நீளவாக்கில் ஓடும் வரிகளின் எண்ணிக்கை. பிகே என்பது வரியின் அளவு. ஒரு வரிக்கும் அடுத்ததற்கும் 3.56 மி.மீ. கடைசி 850 நீளம், மில்லிமீட்டரில். நம்பர் அழிந்திருந்தால் வரிகளை எண்ணிவிடலாம். நீளத்தை மட்டும் பழைய பெல்ட்டில் டேப் வைத்து அளக்காதீர்கள். அது உழைத்து நீண்டது, உண்மையைச் சொல்லாது. சேஸிஸ் நம்பரைக் கொடுத்து பார்ட் நம்பர் எடுக்கச் சொல்லுங்கள். சென்னை ஜி.பி. ரோட்டில் கவுன்ட்டரில் நிற்கும்போது பழைய பெல்ட், சேஸிஸ் நம்பர் இரண்டும் கையில் இருந்தால் பாதி நாள் மிச்சம்.

கேள்வி: புதுப்பேட்டையில் கழற்றிய வண்டியின் பெல்ட் பாதி விலைக்குக் கிடைக்கிறது. வீட்டுப் பரணில் 10 வருடமாகப் பிரிக்காத ஒரிஜினல் பெல்ட் ஒன்றும் இருக்கிறது. எதைப் போடலாம்?
– சிக்கனம், ஆவடி

பதில்: இரண்டும் வேண்டாம். புதுப்பேட்டையில் புல்லி வாங்குங்கள், பிராக்கெட் வாங்குங்கள், கிடைக்காத டைமிங் கவரைத் தேடி அலையுங்கள்; அங்கே போவதே ஒரு சுகம். ஆனால் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று யாருக்கும் தெரியாத ரப்பரை மட்டும் வாங்காதீர்கள். பரணில் இருப்பதும் வயதானதுதான். ஓடினால்தான் ரப்பர் கெடும் என்றில்லை, சும்மா கிடந்தாலும் இறுகும், அதுவும் ஓட்டுக்கு அடியில் சித்திரை வெயிலில். டைமிங் பெல்ட்டாக இருந்து யாராவது அதை மடக்கி ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தால், உள்ளே ஓடும் கண்ணாடி இழைகள் அப்போதே முறிந்திருக்கும்.

கேள்வி: என் சான்ட்ரோவின் டைமிங் பெல்ட்டில் ஒரு வெடிப்புகூட இல்லை. மாற்றியே ஆகவேண்டும் என்கிறார் மெக்கானிக். பணம் பறிக்கப் பார்க்கிறாரோ?
– கண்ணால் கண்டவர், நாமக்கல்

பதில்: இந்த ஒரு விஷயத்தில் மெக்கானிக் பக்கம் நிற்கிறேன். டைமிங் பெல்ட்டைக் கண்ணால் பார்த்து நம்பக்கூடாது. கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று. அந்தக் கணக்கைக் காப்பது இந்தப் பல் வரிசை. சான்ட்ரோ வகை எஞ்சினில் பிஸ்டன் வந்துபோகும் இடத்துக்கே வால்வும் இறங்கி வரும். நேரம் பிரித்துக் கொடுத்திருப்பதால்தான் மோதாமல் இருக்கின்றன. பெல்ட் அறுந்தால் திறந்த வால்வு திறந்தபடி நிற்கும், பிஸ்டன் மேலே வந்து அதை வளைத்துவிடும். பிறகு ஹெட்டை இறக்கவேண்டும், அந்த பில்லை வீட்டில் யாரிடமும் காட்ட முடியாது. பெல்ட் வைத்த டீசல் எஞ்சின்களில் இடைவெளி இன்னும் குறைவு.

அறுவதற்கு முன் அது கிறீச்சிடவும் செய்யாது. அதனால் புத்தகத்தில் போட்ட கிலோமீட்டரோ வருடமோ, எது முதலில் வருகிறதோ அதற்கு மாற்றுங்கள். பல கார்களுக்கு அது 60,000 முதல் 1,00,000 கி.மீ.க்குள் வரும். மாதம் இருமுறை கோயிலுக்கு மட்டும் போகும் கார் என்றால் வருடக் கணக்குதான் உங்களுக்கு. கூடவே டென்ஷனர், ஐட்லர் பேரிங்குகளையும் மாற்றுங்கள். புது பெல்ட்டைப் பழைய பேரிங்கில் ஓட்டி, பேரிங் இறுகி நின்றால், பெல்ட்டும் போகும். ஆயில் சீல் கசிந்தால் அதையும் இப்போதே பாருங்கள். எண்ணெயில் நனைந்த ரப்பர் ஊறிப்போய்ப் பல்லை உதிர்க்கும். பழைய ஃபியட் பாலியோ 1.2 போல வாட்டர் பம்பும் இதே பெல்ட்டில் ஓடும் வண்டிகளில், பம்பும் சேர்ந்து மாறட்டும். கழற்றுகிற கூலி எப்படியும் ஒன்றுதான்.

கேள்வி: நடுவழியில் ஃபேன் பெல்ட் அறுந்தால் புடவைத் தலைப்பைக் கிழித்துக் கட்டலாமாமே?
– சினிமா ரசிகை, கும்பகோணம்

பதில்: வி-பெல்ட் காலத்து வண்டியில் நைலான் துணியை முறுக்கிக் கட்டிச் சில கிலோமீட்டர் ஊர்ந்தவர்கள் உண்டு. இன்றைய வரி பெல்ட் புல்லியில் அது நிற்காது. பட்டு என்றால் எந்த வண்டிக்கும் வேண்டாம். இழுவை வண்டியே மலிவு.

கேள்வி: வீடியோ பார்த்து நானே டைமிங் பெல்ட் மாற்றப்போகிறேன். ஆசீர்வாதம் தேவை.
– துணிந்தவர், ஓசூர்

பதில்: கழற்றும் முன் குறிகளின் மேல் பெயின்ட் வையுங்கள். புதிதை மாட்டிய பின் சாவி போடாதீர்கள். கிராங்க் போல்ட்டில் ஸ்பேனர் போட்டு, எஞ்சின் சுற்றும் திசையிலேயே, கையால் இரண்டு முழுச் சுற்று. எங்காவது முட்டினால் பலம் காட்டாமல் நிறுத்துங்கள். குறிகள் பழையபடி நேருக்கு வந்தால்தான் அடுத்த வேலை. பழைய ஹோண்டா சிட்டியா? அது இடஞ்சுழி எஞ்சின், வீடியோக்காரர் வேறு காரை வைத்துப் பாடம் நடத்தியிருக்கலாம்.

கேள்வி: கழற்றிய பழைய பெல்ட்டைக் காட்டும்படி மெக்கானிக்கிடம் கேட்டால் கோபித்துக்கொள்வாரோ?
– கூச்ச சுபாவி, திண்டுக்கல்

பதில்: கேளுங்கள். ஓரம் மட்டும் பிய்ந்திருந்தால் புல்லி கோணல். பெட்டியில் இருந்த புது டென்ஷனர் வண்டிக்குப் போய், பழையது உங்கள் கைக்கு வரவேண்டும். கோபித்துக்கொண்டால் டென்ஷனர் பழசேதான்.