வாய்வு என்று யாரும் சொல்லாததால்

எங்கள் எழுமலைக்காரர்களுக்கு மரணபயம் என்பது பெரும்பாலும் மதுரை வரை போய்த் திரும்பும் ஒரு பயணம். ராத்திரி கறிச்சோற்றை ஒரு கை பார்த்துவிட்டுப் படுத்த ஆளுக்கு, விடியக்காலம் நெஞ்சை யாரோ அழுத்துகிற மாதிரி இருக்கும். வேர்க்கும். வீடு கூடும், தெரு கூடும், மச்சான் காரை எடுப்பான். மதுரையில் இசிஜி எடுத்து, அந்தப் பட்டைக் காகிதத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டு டாக்டர் சொல்வார்: "ஒண்ணுமில்லைப்பா, வாய்வு."

இடையில் அந்த மூன்று மணி நேரம் இருக்கிறதே, அதில்தான் மனுஷன் ஞானியாகிறான். பிழைத்தால் காசிக்குப் போகணும், தம்பியோடு இருக்கிற வரப்புத் தகராறை முடிக்கணும், சின்ன வயசில் விட்ட தவிலை மறுபடி கையில் எடுக்கணும். திரும்பும்போது கார் கிடையாது. வாய்வுக்கெல்லாம் யார் டீசல் போடுவது? ஆரப்பாளையத்தில் பஸ் ஏறும்போது வைராக்கியம் முழுசாக இருக்கும். நாகமலை புதுக்கோட்டையில் காசி சுருங்கி ராமேஸ்வரமாகும். செக்கானூரணியில் "பிள்ளை கல்யாணம் முடியட்டும்" என்று ஆகும். கருமாத்தூரோடு தவில் இறங்கிவிடும். உசிலம்பட்டியில் ஒரு டீ, ரெண்டு வடை. வரப்புத் தகராறு மட்டும் சேதாரமில்லாமல் ஊர் வந்து சேரும்.

ஆளை மட்டும் சொல்லிப் பயனில்லை. மதுரை–போடி ரயிலையே அகலப்பாதை ஆக்குகிறோம் என்று 2010 கடைசியில் நிறுத்தினார்கள்; அது தேனியை எட்டியது 2022-ல், போடியை எட்டியது 2023-ல். தள்ளிப்போடுவதில் எங்கள் பக்கத்துக்கு ஒரு பாரம்பரியம் உண்டு.

இதே மதுரையில் ஒரு பையன் பொய்யான சாவுபயத்துக்கு ஆளாகி, ஆறே வாரத்தில் காரியத்தை முடித்தான். பிற்காலத்தில் ஊர் உலகமெல்லாம் அவரை ரமண மகரிஷி என்றது. 1896-ல் அவர் மகரிஷி இல்லை, சொக்கப்ப நாயக்கன் தெருவில் சித்தப்பா வீட்டில் சோறு தின்ற பதினாறு வயசு வெங்கட்ராமன். ஆகவே "அவன்" என்றே சொல்கிறேன். அடியார்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பையன் பிறந்தது திருச்சுழியில், 1879 டிசம்பர் 30. அப்பா சுந்தரமய்யர் வக்கீல் தொழில் பார்த்தவர், 1892-ல் காலமானார். அம்மா அழகம்மாளும் சின்னதுகளும் மானாமதுரைச் சித்தப்பாவிடம் போக, மூத்த ரெண்டு பையன்களும் சுப்பய்யர் சித்தப்பாவிடம் வந்தார்கள். அண்ணன் நாகசாமி பொறுப்பானவன். தம்பியின் திறமைகள் வேறு: கால்பந்து, மல்லுக்கட்டு, தூக்கம்.

தூக்கம் சாதாரணத் தூக்கம் இல்லை. திண்டுக்கல்லில் படித்த காலத்தில் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு உள்ளே தூங்கிவிட்டான். வெளியே போய் வந்த வீட்டார் தட்டினார்கள், கத்தினார்கள். ஒருவழியாக உள்ளே புகுந்து, ஆத்திரம் தீர நாலு சாத்தும் சாத்தினார்கள். காலையில் அவர்களே சொல்லித்தான் அடி வாங்கிய விஷயம் அவனுக்குத் தெரியும். பகலில் இவனை ஜெயிக்க முடியாத பையன்கள் ராத்திரி தூங்கும்போது எழுப்பிக் கூட்டிப்போய்க் குத்திவிட்டு, பத்திரமாகக் கொண்டுவந்து படுக்கவைப்பார்களாம். அப்படிப்பட்டவனை எழுப்ப நினைத்த மரணத்துக்கும் கொஞ்சம் துணிச்சல்தான்.

1896 ஜூலை மத்தியில், மாடி அறையில் தனியாக உட்கார்ந்திருக்கிறான். காய்ச்சல் இல்லை, வலி இல்லை. திடீரென்று "செத்துப்போகப் போகிறேன்" என்று ஒரு பயம் வந்து கவ்வுகிறது. காரணமே கிடையாது. இன்றைய டாக்டர் இதற்கு ஒரு பெயரும் ஒரு மாத்திரையும் வைத்திருப்பார். எழுமலையில் ஒரு சோடா.

வெங்கட்ராமன் யாரையும் கூப்பிடவில்லை. இந்தக் கதையில் எனக்குப் பெரிய அதிசயம் இதுதான். கீழே சித்தி இருக்கிறார். ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும்: ஓமத்தண்ணீர், திருநீறு, சுற்றிப்போட உப்பு மிளகாய், "வெயிலில் பந்து ஆடாதேன்னு சொன்னா கேக்கறியா" என்று ஒரு பாட்டு. அரை மணியில் குணமாகியிருக்கும். பையன் மெட்ரிகுலேஷன் முடித்து, கச்சேரியில் குமாஸ்தாவாகி, பென்ஷன் வாங்கியிருப்பான். திருவண்ணாமலையில் இத்தனை லாட்ஜ்களுக்கு வேலை இருந்திருக்காது.

அவன் என்ன செய்தானென்றால், சாவு வருகிறதா, வரட்டும், எது சாகிறது என்று பார்த்துவிடலாம் என்று படுத்தான். கை காலை நீட்டிப் பிணம் மாதிரி விறைத்துக்கொண்டான். வாயை மூடி மூச்சையும் பிடித்துக்கொண்டான். சரி, இந்த உடம்பு போயிற்று. சுடுகாட்டுக்குத் தூக்கிப்போய் எரித்துவிடுவார்கள். அதோடு நானும் போய்விட்டேனா? பரீட்சைக்கு ஒரு கேள்விக்கும் உருப்படியாக யோசிக்காத பையன் இந்தக் கேள்வியை மட்டும் விடவில்லை. போகவில்லை என்று பதில் வந்தது. எழுந்து உட்கார்ந்தான்.

இப்படி ஒரு பொய்ப் பயம் ஊருக்கே வந்ததும் உண்டு. 2018 ஜனவரி 13 அன்று ஹவாய்த் தீவுகளில் எல்லார் போனிலும் அரசாங்கமே ஒரு செய்தி அனுப்பியது: ஏவுகணை வருகிறது, ஒளிந்துகொள்ளுங்கள், இது ஒத்திகை இல்லை. 38 நிமிஷம் கழித்து, தப்பாக அனுப்பிவிட்டோம் என்று இன்னொரு செய்தி. அந்த ரெண்டாவது செய்தி வந்ததும் பெரும்பாலான பயங்கள் காலியாகிவிடும். மதுரை டாக்டர் சொல்லும் "வாய்வு"ம் அதே சாதிதான். வெங்கட்ராமனுக்கு அந்த ரெண்டாவது செய்தியை அனுப்ப ஆளே இல்லாமல் போனது. அதனால் பயம் அப்படியே அவன் கையில் தங்கிவிட்டது.

ஆனாலும் பயந்த மறுநாளே பெட்டி கட்டிவிட்டான் என்று யாராவது கதாகாலட்சேபம் செய்தால் நம்பாதீர்கள். ஆறு வாரம் ஒழுங்காக அமெரிக்கன் மிஷன் பள்ளிக்கூடம் போனான். வித்தியாசம் இருந்தது. தட்டில் எது விழுந்தாலும் சாப்பிட்டான், வம்புக்கு இழுத்தால் சிரித்தான், சாயங்காலமானால் தனியாக மீனாட்சி கோயிலுக்குப் போய் நின்று கண்ணீர் விட்டான். முன்னே சிநேகிதர்களோடு போய் விபூதி வைத்துக்கொண்டு வந்துவிடுகிற ஆள்தான். அதற்கு முந்தின வருஷம் ஒரு உறவுக்காரப் பெரியவர் அருணாசலத்திலிருந்து வருகிறேன் என்று சொன்னதிலிருந்து அந்தப் பேரும் மனசில் கிடந்தது. அது பூமியில் இருக்கிற ஒரு ஊர், திருவண்ணாமலைதான் அது என்பதே அவனுக்கு அன்றைக்குப் புதுச் செய்தி. ஆசை இருக்கிறது, பயமும் வந்து எழுப்பிவிட்டது. ஆள் மட்டும் மதுரையிலேயே இருக்கிறான். இந்த இடம் வரை அவனும் நம்மில் ஒருத்தன்தான். செக்கானூரணிக்குப் பக்கத்தில் வந்துவிட்டான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவனை வீட்டை விட்டுக் கிளப்பியது இங்கிலீஷ் இலக்கணம்.

பாடம் படிக்காததற்கு வாத்தியார் தண்டனை கொடுத்திருந்தார்: பெயின் இலக்கணத்தில் ஒரு பாடத்தை மூன்று தடவை எழுதி வா. இந்த அலெக்சாண்டர் பெயின் யாரென்று தெரிந்தால் வேடிக்கை கூடும். அபர்தீன் பல்கலைக்கழகத்தில் தர்க்கமும் ஆங்கிலமும் நடத்திய ஸ்காட்லாந்துக்காரர். மனித மனம் எப்படி வேலை செய்கிறது என்று தலையணை கனத்துக்குப் புத்தகங்கள் எழுதியவர். அதற்கென்றே 1876-ல் 'மைண்ட்' என்று ஒரு ஆய்விதழைத் தொடங்கியவர். 1896-ல் உயிரோடுதான் இருந்தார். மனம் என்றால் என்ன என்று ஆயுசெல்லாம் தேடிய ஒரு கிழவரின் இலக்கணத்தை, அந்த விவகாரத்தை மாடியில் ஒரே தடவை படுத்தெழுந்து முடித்துவிட்ட பையன் இம்போசிஷன் எழுதிக்கொண்டிருக்கிறான். இந்த மாதிரி ஜோடி சேர்க்க விதிக்கு மட்டும்தான் வரும்.

ஆகஸ்ட் 29, சனிக்கிழமை. ரெண்டு தடவை எழுதியாயிற்று. மூன்றாவதில் கை நின்றது. காகிதத்தைத் தள்ளிவைத்துவிட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்தான். பார்த்துக்கொண்டிருந்த நாகசாமிக்குப் பொறுக்கவில்லை. இப்படி இருக்கிறவனுக்கு இதெல்லாம் எதுக்கு என்று ஒரு கேள்வி கேட்டான். அண்ணன்கள் தம்பிகளைப் பார்த்துக் காலங்காலமாகக் கேட்டுவரும் கேள்வி. பதில் எதிர்பார்த்து யாரும் கேட்பதில்லை. வெங்கட்ராமன் யோசித்துப் பார்த்தான். அண்ணன் சொல்வது நியாயமாகப் பட்டது.

எழுந்தான். பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டு மணிக்கு மின்சாரம் பற்றி ஸ்பெஷல் கிளாஸ் என்று புளுகினான். மெய்ஞ்ஞானத்துக்குக் கிளம்பிய பயணம் பௌதிகத்தின் பேரில் சொன்ன பொய்யோடு தொடங்கியது. அண்ணன் தன் பங்குக்குச் செலவுக்கும் வழி செய்தான்: "கீழே பெட்டியில் அஞ்சு ரூபாய் எடுத்துக்கோ, போகிற வழியில் என் காலேஜ் சம்பளத்தைக் கட்டிடு."

சித்தி சோறு போட்டு, ரூபாயையும் கொடுத்தார். பையன் அட்லஸை விரித்தான். திருவண்ணாமலைக்குக் கிட்டத்து ரயிலடி திண்டிவனம் என்று கண்டான். விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலைக்கே ரயில் ஓடிக்கொண்டிருந்தது. அட்லஸ் பழசு, அதற்குத் தெரியவில்லை. மூன்று ரூபாய் போதும் என்று கணக்குப் போட்டு, மிச்சம் ரெண்டு ரூபாயைக் கடிதத்தோடு வைத்தான். அப்பாவைத் (அருணாசலத்தைத்தான் சொல்கிறான்) தேடிப் போகிறேன், நல்ல காரியம், தேடிப் பணத்தைச் செலவழிக்க வேண்டாம், அண்ணனுக்கு இன்னும் சம்பளம் கட்டவில்லை, ரெண்டு ரூபாய் இத்துடன் இருக்கிறது. இதுதான் சாரம். கையெழுத்துப் போடவில்லை. முற்றும் துறந்தவர்கள் வரலாற்றில் இவ்வளவு சுத்தமாக வரவு செலவு ஒப்படைத்துவிட்டுப் போனவர் குறைவு.

பன்னிரண்டு மணி ரயிலுக்கு நேரம் கடந்து ஓடுகிறான். ரயில் லேட். தென்னிந்திய ரயில்வே அன்றைக்கு ஒழுங்காக ஓடியிருந்தால் பையன் வீடு திரும்பி மூன்றாவது இம்போசிஷனை எழுதியிருக்கவும் கூடும்.

திண்டிவனத்துக்கு டிக்கெட் ரெண்டு ரூபாய் பதின்மூன்று அணா. மிச்சம் மூன்று அணா. எதிரே உட்கார்ந்திருந்த வெள்ளைத்தாடி மௌல்வி ஒருவர்தான் விழுப்புரத்தில் இறங்கி மாறணும் என்று வழி சொன்னார். அட்லஸ் கைவிட்ட இடத்தில் மௌல்வி. பொழுது சாயும்போது திருச்சியில் அரை அணாவுக்கு ரெண்டு பேரிக்காய். விடிகாலை மூன்று மணிக்கு விழுப்புரம். சாப்பாட்டுக் கடைக்காரர் சோறு போட்டுவிட்டு, கையில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டார். ரெண்டரை அணா. வேண்டாம், நீயே வைத்துக்கொள் என்றுவிட்டார். அந்தக் காசு மாம்பழப்பட்டு வரைதான் ரயிலில் இழுத்தது. அப்புறம் பத்து மைல் நடை, அரகண்டநல்லூர்க் கோயில், கீழூர்க் கோயில், பசி மயக்கம்.

கோகுலாஷ்டமி அன்று முத்துகிருஷ்ண பாகவதர் வீட்டில் வயிறாரச் சாப்பாடு. காதில் கிடந்த சிவப்புக்கல் கடுக்கனை, பெறுமானம் இருபது ரூபாய் இருக்கும், நாலு ரூபாய்க்கு அடகு வைத்தான். ரசீது எழுதிக் கொடுத்தார்கள். வெளியே வந்ததும் கிழித்தெறிந்தான். நாமெல்லாம் எந்த வைராக்கியத்துக்குப் போனாலும் ரசீதை மடித்துப் பையில் வைக்கிற ஜாதி.

செப்டம்பர் 1, செவ்வாய்க்கிழமை காலை திருவண்ணாமலை. மிச்சக் காசைத் தூக்கி எறிந்தான். பாகவதர் வீட்டு அம்மாள் ஆசையாகக் கட்டிக்கொடுத்த பட்சணம் அய்யங்குளத்துக்குப் போயிற்று. அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். அதற்குப் பிறகு 1950 ஏப்ரல் 14 வரை, கிட்டத்தட்ட 54 வருஷம், அந்த ஊரை விட்டு எங்கேயும் போகவில்லை.

தேட வேண்டாம் என்ற கடிதத்தை எந்த அம்மா கேட்டாள்? இடம் தெரிந்ததும் 1898 கடைசியில் அழகம்மாள் நாகசாமியைக் கூட்டிக்கொண்டு போய் வீட்டுக்கு வா என்று அழுதார். பையன் மௌனம், வர முடியாது என்பதை எழுத்தில்தான் தெரிவித்தான். திரும்பிப் போன அம்மா 1916-ல் தானே வந்து மலைமேல் தங்கி, அடுப்புப் பற்றவைத்து, மகனுக்கும் கூட இருந்தவர்களுக்கும் சமைக்க ஆரம்பித்தார். கடைசித் தம்பி நாகசுந்தரமும் பின்னாலேயே வந்து காவி கட்டி நிரஞ்சனானந்தரானார். மீட்டுவரப் போன குடும்பம் ஒவ்வொருத்தராக அங்கேயே குடியேறிவிட்டது. ஆசிரமம் பெருகி நன்கொடை, கட்டடம், சாப்பாட்டுப் பந்தி என்று வந்தபோது, சர்வாதிகாரி என்ற பட்டத்தோடு வரவு செலவைக் கவனிக்க உட்கார்ந்தவர் அந்தத் தம்பிதான்.