வேலி போட்டால் போதும், விளைச்சல் தானாக வரும்
வட்டார இ-ஸ்போர்ட்ஸ் லீக் நடத்துவோருக்கு ஒன்பது படிகள்

வாழ்த்துகள்! உங்கள் கையில் ஒரு லீக் இருக்கிறது. அமெரிக்காவோ ஐரோப்பாவோ, ஏதோ ஒரு வட்டாரத்துக்கு நீங்கள்தான் பண்ணையார். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் கொரியாவிலிருந்து நாலு பையன்கள் வந்து இறங்கினார்கள். உங்கள் பையன்களை உட்காரவைத்து அடித்தார்கள். கோப்பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

பயப்படாதீர்கள். இதற்காக நீங்கள் ஒருவரையும் பழக்க வேண்டியதில்லை, எதையும் வளர்க்க வேண்டியதில்லை. ஒரு வேலி போட்டால் போதும். கீழே உள்ள ஒன்பது படிகளையும் வரிசையாக ஏறுங்கள். பாதியை நீங்கள் ஏற்கெனவே ஏறிவிட்டீர்கள் என்பது எனக்குத் தெரியும். மீதிக்குக் கை கொடுக்கத்தான் நான் இருக்கிறேன்.

1. கதவைத் திறந்து வையுங்கள். ஆள் வந்ததும் அலறுங்கள்.

2013-இல் பிளிஸார்டு நிறுவனம் ஸ்டார்கிராஃப்ட் 2 என்ற கணினி விளையாட்டின் உலகத் தொடரைக் கொரியா, அமெரிக்கா, ஐரோப்பா என்று மூன்றாகப் பிரித்தது. யார் எங்கே ஆடலாம் என்பதற்குக் காவல் இல்லை. சொந்த ஊரில் நெரிசல் தாங்காத கொரியர்கள் மற்ற இரண்டு வட்டாரங்களுக்கும் கிளம்பினார்கள். அந்த ஆண்டு அமெரிக்காவில் மூன்று கோப்பை, ஐரோப்பாவில் மூன்று கோப்பை. ஆறும் கொரியர்களுக்கே போயின. போல்ட் என்பவர் தனியாளாக அமெரிக்காவில் இரண்டை எடுத்துக்கொண்டார்.

நீங்களும் இப்படியே செய்யுங்கள். பரிசுப் பணத்தை நடுத்திண்ணையில் வையுங்கள், வாசலைத் திறந்து விடுங்கள், பிறகு "ஐயோ, யாரோ வந்துவிட்டார்கள்!" என்று கூவுங்கள்.

கூவும்போது வார்த்தையைச் சரியாகப் பயன்படுத்துங்கள். ஸ்டார்கிராஃப்ட் உலகில் கொரியர் அல்லாத எல்லோருக்கும் 'வெளிநாட்டவர்' என்றுதான் பெயர். டெக்சாஸில் பிறந்து, டெக்சாஸில் வளர்ந்து, டெக்சாஸில் ஆடுகிற பையனும் வெளிநாட்டவன்தான். அவனே தன்னை அப்படித்தான் சொல்லிக்கொண்டான். உங்கள் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள். சொந்த வீட்டிலேயே விருந்தாளியாகிவிட்டவன், தோற்றாலும் சங்கடப்பட மாட்டான்.

2. ஆட்டத்தைப் பார்க்காதீர்கள், தலையை எண்ணுங்கள்.

2014-இல் லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் ஆட்டத்தில் எல்எம்க்யூ என்ற சீன அணி கூண்டோடு அமெரிக்காவில் குடியேறியது. அங்கே ஆடி, வட அமெரிக்காவின் சார்பிலேயே உலகப் போட்டிக்குத் தகுதியும் பெற்றது. அதே ஆண்டு உலகப் பட்டம் வென்ற கொரியாவின் சாம்சங் வொயிட், அதன் சகோதர அணியான சாம்சங் ப்ளூ ஆகிய இரண்டிலும் ஆடிய பத்துப் பேரும் சீன லீக்குக்குப் பெட்டி கட்டினார்கள்.

அந்த ஆட்டத்தை நடத்தும் ரயட் நிறுவனம் விதி போட்டது. 2015 முதல், களமிறங்கும் ஐவரில் குறைந்தது மூவர் அந்த வட்டாரத்தவராக இருக்க வேண்டும். வெளியாருக்கு இரண்டு நாற்காலி.

நல்ல விதி. நமக்குப் பழக்கமானதும்கூட. ஐபிஎல்லில் பதினொருவரில் நால்வர்தான் வெளிநாட்டவர் என்பது தெருப்பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அந்த நால்வருக்குக் கீழே ரஞ்சி, மாவட்ட லீக், கல்லூரி அணி, மொட்டை மாடி என்று ஒரு பெரிய உலகம் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது. அந்தப் பக்கம் திரும்பாதீர்கள். எண்ணிக்கையை மட்டும் காப்பியடியுங்கள்.

3. வேலியில் ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை விடுங்கள்.

'உள்ளூர்க்காரர்' என்றால் யார்? பிறந்தவரா, வளர்ந்தவரா, பழகியவரா? குழப்பிக்கொள்ளாதீர்கள். சில ஆண்டுகள் குடியிருந்தவர் உள்ளூர்க்காரர். கிரீன் கார்டு வைத்திருப்பவரும் உள்ளூர்க்காரர்.

இதன் அழகைப் பார்க்க வேண்டுமா? 2022-இல் அமெரிக்க லீக்கில் ஆடிய டீம் லிக்விட் அணியை எடுத்துக்கொள்ளுங்கள். ப்விபோ, பெல்ஜியம். சாண்டோரின், டென்மார்க். பியெர்க்சன், டென்மார்க். ஹான்ஸ் சாமா, பிரான்ஸ். கோர்ஜேஜே, கொரியா. வட அமெரிக்காவில் பிறந்தவர் ஒருவர்கூட இல்லை. விதிப்படி பார்த்தால் அப்பழுக்கில்லை: இரண்டு பேர் வெளியார், மூன்று பேர் உள்ளூர். கோர்ஜேஜேயின் கிரீன் கார்டு வரத் தாமதமானதால் ஆண்டின் தொடக்க ஆட்டங்களில் அவர் வெளியே உட்கார வேண்டியிருந்தது. அவர் காத்திருந்தது கைப்பழக்கம் வர அல்ல, ஒரு அட்டை வர.

அந்த அணி அந்த ஆண்டு உலகப் போட்டிக்கே போகவில்லை. அதனால் என்ன? விதி மீறப்படவில்லையே.

4. இரண்டு நாற்காலிக்குக் கஜானாவைத் திறந்து விடுங்கள்.

இடம் இரண்டுதான் என்றால் அதில் உட்காருபவர் சாதாரண ஆளாக இருக்கக் கூடாது. 2020 இறுதியில் அமெரிக்க லீக்கின் டிஎஸ்எம் அணி, அந்த ஆண்டு உலகப் போட்டியின் இறுதியாட்டம் வரை போன தைவான் வீரர் ஸ்வோர்ட்ஆர்ட்டை இரண்டு ஆண்டுக்கு 60 லட்சம் டாலர் என்று அழைத்து வந்தது. ஒரே ஆண்டில் அவர் சீன லீக்குக்குப் போய்விட்டார்.

அடுத்த மூன்று நாற்காலியையும் மறக்காதீர்கள். உள்ளூர்க்காரர் மூவர் கட்டாயம் என்று ஆகிவிட்டது, ஊரிலோ நன்றாக ஆடுபவர்கள் கொஞ்சம். உங்கள் பத்து அணிகளும் அதே கொஞ்சம் பேருக்காக ஏலம் கேளுங்கள். சுமாராக ஆடுகிறவனுக்கும் சூரன் சம்பளம் கொடுங்கள். தன் நாற்காலிக்குப் போட்டியே இல்லை என்று தெரிந்த பிறகும் அவன் ராத்திரி விழித்துப் பயிற்சி செய்வான் என்று முழு மனதோடு நம்புங்கள்.

5. ஐவரையும் ஐந்து மொழியில் உட்கார வையுங்கள்.

லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் ஆட்டத்தில் பேரன் என்றொரு பூதம் உண்டு. (பேத்தியின் அண்ணன் அல்ல, பெரிய வாய், நிறையப் பல்.) அதை வீழ்த்தும் அணிக்குப் பலம் கூடும். இருபத்தைந்தாவது நிமிடம். பூதத்துக்கு உயிர் கொஞ்சம்தான் பாக்கி. எதிரணி புதருக்குள் பதுங்கி நிற்கிறது. புதிதாக வந்த கொரியர் ஹெட்செட்டில் "பின்வாங்கு" என்று தன் மொழியில் கத்துகிறார். அந்தக் குரலின் வேகத்தைக் கேட்டு, டென்மார்க்காரர் "உள்ளே பாய்" என்று எடுத்துக்கொள்கிறார். இரண்டு பேர் பூதத்தின் குழிக்குள், மூன்று பேர் வெளியே. ஐந்து விநாடியில் ஐவரும் சாய்ந்தார்கள். மேடைக்குப் பின்னால் மொழிபெயர்ப்பாளர் கையில் காபியோடு நிற்கிறார்.

இதைச் சரிசெய்யப் போகாதீர்கள். சீனர்கள் சரிசெய்தார்கள். அங்கே போன டாயின்பி என்ற கொரியர், ஆட்டம் முழுக்கச் சீன மொழியில் வாய் மூடாமல் பேசியே அணியை நடத்தினார். 2019-இல் அவருடைய ஃபன்பிளஸ் ஃபீனிக்ஸ் உலகப் பட்டம் வென்றது. அப்படியெல்லாம் மொழி கற்றுக்கொள்ளச் சொன்னால் பெரிய வீரர்களுக்கு மனம் நோகும்.

6. உள்ளூர்ப் பையன் கதவைத் தட்டினால் காதைப் பொத்திக்கொள்ளுங்கள்.

அவனை உங்களுக்குத் தெரியும். வயது பதினாறு. ராத்திரி இரண்டு மணி. மானிட்டர் வெளிச்சம் அம்மா கண்ணில் படாமல் இருக்கக் கதவுக்கடியில் பழைய துண்டைச் செருகி வைத்திருக்கிறான். மவுஸை அழுத்தும் சத்தம் கேட்காமல் இருக்கக் கீழே ஒரு டி-ஷர்ட்டை மடித்துப் போட்டிருக்கிறான். பொது ரேங்க் ஆட்டத்தில் உங்கள் அணியின் நட்சத்திரத்தை இன்றைக்கு இரண்டு முறை அடித்தான். ஸ்கிரீன்ஷாட் எடுத்து உங்களுக்கு அனுப்பினான்.

பதில் இப்படிப் போடுங்கள்: "தம்பி, எங்களுக்கு மேடை அனுபவம் உள்ளவர்தான் வேண்டும்." அனுபவம் எங்கே கிடைக்கும் என்று கேட்டால், "எங்கள் லீக்கில்" என்று சொல்லுங்கள்.

உள்ளூர் மாடு விலைபோகாது என்பதை நீங்கள் நிரூபித்தாக வேண்டும். இதில் ஒரே ஒரு ஆபத்து: யாராவது வாங்கிப் பார்த்துவிடுவார்கள். 2022 வசந்த காலத் தொடரில் ஈவில் ஜீனியஸஸ் அணி அப்படித்தான் செய்தது. ஜோஜோப்யன் என்ற பதினேழு வயதுக் கனடாப் பையனையும், டேனி என்ற பதினெட்டு வயது அமெரிக்கப் பையனையும் மேடையேற்றி, இறுதியாட்டத்தில் 3-0 என்று கோப்பையை வாங்கிவிட்டது. டீம் லிக்விட் கோடி கோடியாகக் கொட்டிய அதே ஆண்டு, அதே லீக். இதை யாரிடமும் சொல்லாதீர்கள்.

7. நாற்றங்காலை உழுது போடுங்கள்.

2018 முதல் அமெரிக்க லீக்கில் ஒவ்வொரு அணியும் குறைந்தது 1 கோடி டாலர் கட்டி நிரந்தர இடம் வாங்கியது. கடைசி இடத்துக்கு வந்தாலும் கீழே தள்ள அப்போது ஆளிருக்கவில்லை. கீழிருந்து ஏறி வரவும் வழியிருக்கவில்லை. அப்புறம் கீழே ஒரு லீக் எதற்கு?

2023 மே மாதம் இந்தக் கேள்விக்கு விடை கிடைத்தது. கீழ்நிலை லீக்கில் அணி நடத்துவது இனிக் கட்டாயமில்லை என்று ரயட் அறிவித்தது. பல அணிகள் உடனே இழுத்து மூடின. இளம் வீரர்கள் கூட்டமாகத் தெருவுக்கு வந்தார்கள். வீரர் சங்கம் வெளிநடப்புக்கு வாக்களித்தது. கோடைத் தொடர் இரண்டு வாரம் தள்ளிப்போனது.

விதைநெல்லை விற்றுத் தின்றால் இந்த ஆண்டுக் கணக்கு லாபத்தில் நிற்கும். அடுத்த ஆண்டு நடவுக்கு நாற்று எங்கே என்று கேட்பவரிடம் வேலியைக் காட்டுங்கள். வேலி அப்படியேதான் இருக்கிறது: ஐவரில் மூவர் உள்ளூர்.

8. தோற்றால் வரம்பைக் குறை சொல்லுங்கள், இரண்டு பக்கமும்.

ஆடத்தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். உங்கள் கூடத்துக்கு இரண்டு கோணல் உண்டு. "வெளியாரை இன்னும் விட்டிருந்தால் ஜெயித்திருப்போம்" என்பது ஒன்று. "வெளியாரை விட்டதால்தான் நம் பிள்ளைகள் வளரவில்லை" என்பது இன்னொன்று. திங்கட்கிழமை ஒன்றைச் சொல்லுங்கள், வியாழக்கிழமை மற்றதைச் சொல்லுங்கள். 2021-இல் அமெரிக்க லீக்கில் வரம்பையே தூக்கிவிடலாமா என்ற பேச்சு எழுந்தது. வீரர் சங்கம் எதிர்த்தது. நாற்றங்காலுக்குத் தண்ணீர் எவ்வளவு பாய்ச்சுவது என்பது மட்டும் அந்தப் பேச்சில் பின்னுக்குப் போயிற்று.

இங்கே சீனாவை மட்டும் யாரும் இழுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கேயும் அதே விதி, அதே இரண்டு நாற்காலி. 2018-இல் இன்விக்டஸ் கேமிங் உலகப் பட்டம் வென்றபோது ஐவரில் இரண்டு பேர் கொரியர். 2019-இல் ஃபன்பிளஸ் ஃபீனிக்ஸ், இரண்டு கொரியர். 2021-இல் ஈடிஜி, இரண்டு கொரியர். மீதி மூன்று நாற்காலிகளில் உட்கார்ந்திருந்த சீனப் பையன்களைப் பற்றி யாராவது கேட்டால், ஆட்டத்தின் சத்தத்தைக் கூட்டி வையுங்கள்.

வரம்பே வேண்டாம் என்று தோன்றினால் ஓவர்வாட்ச் என்ற இன்னொரு ஆட்டத்தின் லீக்கைப் பாருங்கள். 2018-இல் முதல் பட்டம் வென்றது லண்டன் ஸ்பிட்ஃபயர். அணி முழுக்கக் கொரியர்கள். தொடர் ஆட்டங்கள் கலிஃபோர்னியாவில், இறுதியாட்டம் நியூயார்க்கின் ப்ரூக்ளினில். லண்டன் எங்கே இருந்தது என்றால், சட்டையில் இருந்தது. 2023 தொடரோடு அந்த லீக்கே நின்றுபோனது.

9. யாராவது ஜெயித்துவிட்டால் மாலையை வேலிக்குப் போடுங்கள்.

ஸ்டார்கிராஃப்டில் 2016-இல் கொரியாவுக்கு ஒரு பாதை, மற்றவர்களுக்கு ஒரு பாதை என்று வேலியை இறுக்கினார்கள். 2018-இல் பின்லாந்தின் செரல் வேலிக்குள் நடந்த நான்கு தொடர்களையும் வென்றார். நவம்பரில் அனஹைமில் நடந்த உலக இறுதியாட்டத்தில் கொரியாவின் ஸ்டாட்ஸை 4-2 என்று சாய்த்தார். கொரியர் அல்லாத ஒருவர் அந்தப் பட்டத்தை வாங்கியது அதுவே முதல் முறை.

உடனே அறிக்கை விடுங்கள்: "பார்த்தீர்களா, எங்கள் விதி!" காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்று யாராவது முணுமுணுப்பார்கள். 2016-லேயே கொரியாவின் புரோலீக் மூடப்பட்டு, பல அணிகள் கலைந்து, அந்த மரமே ஆட்டம் கண்டிருந்தது என்றும் சொல்வார்கள். கேட்காதீர்கள். நியாயமாகப் பேசுகிற ஒருவர் நடுவில் புகுந்து, "வேலிக்கும் பங்கு உண்டு. அது இருந்ததால்தான் கொரியர் அல்லாதவர்களுக்கு நிலையான பரிசுப் பணம் கிடைத்தது, பலர் விட்டுப் போகாமல் ஆடினார்கள். ஆனால் உள்ளே உழுதவன் செரல்" என்பார். அவரை அடுத்த கூட்டத்துக்குக் கூப்பிடாதீர்கள்.

அவ்வளவுதான். ஒன்பது படியும் ஏறிவிட்டீர்கள். இப்போது உச்சியில் நின்று உங்கள் நிலத்தைப் பாருங்கள். வேலி கம்பீரமாக நிற்கிறது. உள்ளே யார் வரலாம், எத்தனை பேர் வரலாம், எத்தனை ஆண்டு குடியிருந்தால் உள்ளூர்க்காரர் என்பதெல்லாம் பக்கம் பக்கமாக விதியில் இருக்கிறது.

அந்தப் பதினாறு வயதுப் பையனா? போன வாரம் கதவுக்கடியிலிருந்து துண்டை எடுத்துவிட்டான். ராத்திரி பதினொரு மணிக்கே தூங்கிவிடுகிறானாம். அம்மாவுக்கு ரொம்பச் சந்தோஷம். வெளியே போகிறவரைத் தடுக்க உங்கள் விதியில் ஒரு வரிகூட இல்லை. அதனால் இதிலும் நீங்கள் விதியை மீறவில்லை.