மொட்டைமாடியில் ஒரு தூண்டில்

கேள்வி: செல்போனில் நொடியில் அமெரிக்காவோடு பேசலாம். என் மாமனாரோ இந்த வயதிலும் மொட்டைமாடியில் கம்பி கட்டிக்கொண்டு ‘ஹாம் ரேடியோ’ என்று அலைகிறார். இது தேவையா?
- ஒரு வாசகர், விருத்தாசலம்

பதில்: மார்க்கெட்டில் மீன் கிடைக்கும்போது தூண்டில் எதற்கு என்கிறீர்கள்! சொந்த வானொலிக் கருவியில் ஹாம்கள் அனுப்பும் சிற்றலை, வானத்தின் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி வந்தால்தான் தூரதேசத்துக்காரர் சிக்குவார். சூரியனின் சுறுசுறுப்போ ஏறத்தாழ 11 ஆண்டுக்கு ஒருமுறை ஏறி இறங்கும். அதற்கேற்ப அந்த மண்டலமும் மாறும், ஆட்டமும் மாறும். அப்புறம் எப்படி ஆயுசுக்கும் சலிக்கும்? ராஜீவ் காந்தியும் வி.யு.2.ஆர்.ஜி. என்ற அழைப்புக்குறியோடு திரிந்த பித்தர்தான்.

வெறும் பொழுதுபோக்கு என்றும் தள்ளிவிடாதீர்கள். 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்ற பெண்மணி, அந்தமானிலிருந்து உலக ஹாம்களோடு பேச போர்ட் பிளேருக்குக் குழுவோடு போயிருந்தார். 26-ஆம் தேதி சுனாமி. தொலைபேசிகள் ஊமையாயின. விளையாட்டுக்குக் கொண்டுபோன கருவிதான் தீவுகளின் நலச் செய்தியைக் கரைக்குச் சொன்னது. அடுத்த ஆண்டே, மே 5-இல், இஸ்ரோ ‘ஹாம்சாட்’ என்று ஒரு செயற்கைக்கோளையே ஹாம்களுக்காக அனுப்பியது.

மத்திய அரசின் தேர்வு எழுதி உரிமம் வாங்கிய பிறகே பேச முடியும் என்பதால், மாமனார் உங்களைவிடப் படித்த பிள்ளை! ஆன்டெனாக் கம்பியின் இரு முனைக்கும் இன்சுலேட்டர் வேண்டும். பீங்கானுக்குப் பேர்போன ஊரில் இருந்துகொண்டு வம்பு பேசாமல், நல்லதாக இரண்டு வாங்கிக் கொடுங்கள், மாப்பிள்ளை!