மருமவன் போட்ட கணக்கு

ஏலே மருமவனே, சென்னைக்கும் செங்கோட்டைக்கும் எக்செல்ல செலவுக் கணக்கு போட்டு அனுப்பியிருந்தியே, பாத்தேன். வாடகை, பால், பெட்ரோல், நெட்டுன்னு வரிசையா இருக்கு. படிச்ச புள்ள போட்டதுல்லா, கூட்டல்ல தப்பே இல்ல. விட்டுப்போனதுதான் கொஞ்சம் இருக்கு.

ஊர் மாற லாரிச் செலவுன்னு ஒரு பெரிய தொகை எழுதியிருக்க. நான் பொறந்தப்ப இந்தச் செங்கோட்டை திருவிதாங்கூர்ல இருந்துச்சு. 1956 நவம்பர் 1-ம் தேதி விடிஞ்சா சென்னை ராஜ்யத்துல இருக்கேன். 2019 நவம்பர் 22-ல திருநெல்வேலி மாவட்டத்த விட்டுத் தென்காசி மாவட்டத்துக்கு வந்துட்டேன். திண்ணைய விட்டு எந்திரிக்கல. லாரிக்காரனுக்கு அஞ்சு பைசா குடுக்கல.

தண்ணிக்குன்னு தனியா ஒரு வரி போட்டியே, அதத்தான் ரொம்ப ரசிச்சேன். 2019 ஜூலையில உங்க சென்னைக்கு ஜோலார்பேட்டையில இருந்து 50 வேகன்ல தண்ணி போச்சு. நாங்க பொதிகை எக்ஸ்பிரஸ்ல மனுசன ஏத்தி அனுப்புதோம், அங்க தண்ணியும் ரயிலேறி வருது! இங்க சாரல் விழுந்தா ஐந்தருவியில ஓசியாக் கொட்டும். என்ன, எண்ணெய் வழியுத நாலு முதுகுக்கு நடுவுல தலைய நுழைக்கணும். வெள்ளம் ஏறுனா போலீஸ்காரன் கிட்டவே விடமாட்டான்.

அதுக்காக ஊருக்கே வந்துருதேன்னு துள்ளாத. இங்க விலை கூடுன சாமான் ஒண்ணு இருக்கு: ரகசியம். அங்க எதுத்த வீட்டுக்காரனுக்கு உன் பேரு தெரியாது. அதுக்கும் சேத்துத்தான் அந்த வாடகை. இங்க பிரானூர் பார்டர்ல நீ ரெண்டு பரோட்டா கூடத் தின்னா, கை கழுவுததுக்குள்ள உங்க அம்மைக்குச் சேதி போயிரும். பகல் பதினோரு மணிக்கு வீட்டுல லேப்டாப்போட உக்காந்தியோ, "வேல போயிட்டாம்லா"ன்னு நாலு பேரு துக்கம் விசாரிக்க வருவான். வீட்டுல இருந்தே வேல பாக்கேன்னு சொல்லிப் பாரு, "மத்தளம்பாறையில ஜோஹோ கம்பெனி இருக்கே, அங்க உன்ன எடுக்கலியா?"ம்பான். ராத்திரி நெஞ்சு வலின்னா திருநெல்வேலி ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடணும். அதுக்கும் ஒரு கட்டம் போடு.

கேட்டுக்க. அங்க காசக் குடுத்து இருக்கணும், இங்க பதிலக் குடுத்து இருக்கணும். உங்கிட்ட காசும் கம்மி, வாயும் கம்மி. அதனால ஒரு பத்து வருசம் அங்கயே கெட. உங்க பூர்வீக வீட்டுல நான் இப்பதான் நெல்லு மூட்டைய அடுக்கியிருக்கேன்.