எக்ஸ்பியின் நிலைபேறு: பீன்யா வழக்கை முன்வைத்து ஓர் ஆய்வு

மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விண்டோஸ் எக்ஸ்பிக்கு அளித்துவந்த ஆதரவை 2014 ஏப்ரல் 8ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. இது வரலாறு. அந்தச் செய்தி பெங்களூரு பீன்யாத் தொழிற்பேட்டையின் பல ஷெட்டுகளுக்கு இன்னும் முறைப்படி வந்துசேரவில்லை. இது கள உண்மை. தூரத்தின் மேல் பழியைப் போட வழியில்லை. நம்ம மெட்ரோ அந்த ஆதரவு நிற்பதற்கு ஐந்து வாரம் முன்பே, மார்ச் 1ஆம் தேதியே, பீன்யாவுக்கு வந்துவிட்டது. விவரம் அறியாத ஊர் என்றும் சொல்லிவிட முடியாது. 2023 ஆகஸ்ட் 23ஆம் தேதி மாலை சந்திரயான்-3 நிலவில் இறங்கியபோது அதைக் கண்காணித்து வழிநடத்திய இஸ்ரோவின் இஸ்ட்ராக் மையம் இதே பேட்டையில்தான் இருக்கிறது. நிலவோடு பேசும் வளாகம் ஒருபக்கம். பச்சைப் புல்மேடும் நீல வானமும் விரிந்த பழைய திரையோடு காலையில் கண் விழிக்கும் அளவைக் கருவிகள் இன்னொரு பக்கம். இந்த முரணுக்கு அறியாமை, கஞ்சத்தனம், சோம்பல் ஆகிய மூன்றில் ஒன்றைக் காரணமாகச் சொல்லி முடித்துவிடுவது மரபு. அந்த மரபோடு இக்கட்டுரை உடன்படவில்லை. ஒரு மென்பொருளை நம்பலாமா கூடாதா என்பதை அதை விற்றவரின் நாள்காட்டி முடிவுசெய்யக் கூடாது. நமக்கு ஏற்கெனவே தெரிந்த ஓர் அளவை அதனிடம் கொடுத்தால் சரியாகத் திருப்பிச் சொல்கிறதா என்ற சோதனையே முடிவுசெய்ய வேண்டும். இதுவே நம் கருதுகோள். பீன்யா அதை எழுதிவைக்காமலே கடைப்பிடித்துவருகிறது.

பட்டறையில் என்ன அறிவியல் மென்பொருள் என்று கேட்பவர்களுக்காக ஆய்வின் எல்லையை வரையறுத்துவிடலாம். பேட்டையில் சி.எம்.எம். என்று சுருக்கமாக அழைக்கப்படும் கோஆர்டினேட் மெஷரிங் மெஷின், கிரானைட் மேசைமேல் வைத்த பாகத்தை ஒரு சிறு ரூபிக் குண்டால் தொட்டுத் தொட்டுப் பார்த்து, துளை வட்டமா, முகம் சமமா என்பதை மைக்ரானில் சொல்கிறது. ஃபவுண்ட்ரியில் இருக்கும் ஸ்பெக்ட்ரோமீட்டர், உலோகத்தில் பொறி பறக்கவைத்து அந்த ஒளியைப் பிரித்து, கார்பன் எவ்வளவு, மாங்கனீசு எவ்வளவு என்று கணக்குப் போடுகிறது. யு.டி.எம். எனப்படும் யுனிவர்சல் டெஸ்டிங் மெஷின், கம்பியை இழுத்துப் பார்த்து எந்தப் பளுவில் அறும் என்கிறது. பல்கலைக்கழகத்தில் ஓடினால் இவை வடிவியல், நிறமாலையியல், பொருளறிவியல். ஷெட்டில் ஓடினால் எல்லாவற்றுக்கும் சேர்த்து க்யூ.சி. என்று ஒரே பெயர். இந்தக் கருவிகள் ஒவ்வொன்றும் கூடவே ஒரு கணினியைக் கட்டிக்கொண்டு வந்தவை. ஆயுத பூஜையன்று மெஷினுக்கு இடும் சந்தனமும் குங்குமமும் அந்தக் கணினிப் பெட்டிக்கும் தவறாமல் இடப்படுகின்றன. அதைத் தனிப்பொருளாகப் பார்க்காமல் கருவியின் ஓர் உறுப்பாகவே பேட்டை கருதுகிறது என்பதற்கு இதைவிட உறுதியான சான்று கிடைப்பது அரிது. ஸ்பிண்டிலின் பேரிங்கை யாரும் நள்ளிரவில் தானாக அப்டேட் ஆக விடுவதில்லை.

இனி, பழைய மென்பொருள் புதிய இயங்குதளத்தில் ஏன் ஓட மறுக்கிறது என்ற கேள்வி. காரணங்கள் மூன்று: கடிகாரம், வாசல், கையெழுத்து. கடிகாரக் கோளாறுக்கு டர்போ பாஸ்கல் நல்ல உதாரணம். அதில் சி.ஆர்.டி. என்ற யூனிட்டைச் சேர்த்து எழுதிய நிரல், தொடங்கியதும் தன் கணினியின் வேகத்தை எடைபோடும். கடிகாரத்தின் ஒரு துடிப்புக்குள், அதாவது 55 மில்லி விநாடிக்குள், ஒரு வெற்றுச் சுற்றை எத்தனை தடவை சுற்ற முடிகிறது என்று எண்ணி, அந்த எண்ணை 55ஆல் வகுத்து வைத்துக்கொள்ளும். விடை 65,535ஐத் தாண்டாது என்பது எழுதியவர்களின் நம்பிக்கை. ஏறத்தாழ 200 மெகாஹெர்ட்ஸ் வேகச் சிப்புகள் வந்ததும் விடை தாண்டியது. நிரல் 'ரன்டைம் எரர் 200' என்று அறிவித்து, பூச்சியத்தால் வகுத்ததாக ஒரு பொய்க் காரணமும் காட்டிவிட்டுப் படுத்தது. பூச்சியத்தால் யாரும் வகுக்கவில்லை. கணினி வேகமாக இருந்ததே குற்றம். அடுத்தது வாசல். டாஸிலும் விண்டோஸ் 98இலும் எந்த நிரலும் பிரிண்டர் போர்ட்டை நேராகத் தொடலாம், என்.டி. மரபில் வந்த விண்டோஸ்களில் நடுவே ஒரு டிரைவரை வைத்துத்தான் தொட முடியும். மூன்றாவது கையெழுத்து. விஸ்டா தொடங்கி 64 பிட் விண்டோஸ் எல்லாம் டிரைவரில் டிஜிட்டல் கையொப்பம் இருக்கிறதா என்று பார்க்கின்றன. போட வேண்டிய நிறுவனமோ பல நேரங்களில் கைமாறியிருக்கும், இல்லையென்றால் மூடியிருக்கும். போதாக்குறைக்கு, 64 பிட் விண்டோஸ் 16 பிட் நிரல்களை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். 2021இல் வந்த விண்டோஸ் 11க்கு 32 பிட் பதிப்பே கிடையாது. மூன்று வழக்கிலும் மென்பொருளில் ஓர் எழுத்துகூட மாறவில்லை என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

பரிகாரங்களை வகைப்படுத்த நன்னூல் கைகொடுக்கிறது. அதன் பாயிரம் நூல்களை முதல், வழி, சார்பு என்று மூன்றாகப் பிரிக்கிறது. பவணந்தி முனிவர் எக்ஸ்பியைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் பாகுபாடு அச்சாகப் பொருந்துகிறது. பழைய கணினியையே சாகவிடாமல் காப்பது முதல்நூல் வழி. கருவியின் கார்டு ஐ.எஸ்.ஏ. ஸ்லாட்டில் செருகுவதாக இருந்தால் வேறு கதியும் இல்லை. அந்த ஸ்லாட் உள்ள மதர்போர்டைத் தேடி எஸ்.பி. ரோட்டில் பழைய சாமான் கடை ஒன்றுவிடாமல் ஏறி இறங்க வேண்டியதுதான். புதிய கணினிக்குள் விர்ச்சுவல் மெஷின் ஒன்றை அமைத்து, அதற்குள் எக்ஸ்பியை முழுதாகக் குடிவைப்பது வழிநூல்: முடிவில் முதல்நூலோடு ஒத்துப்போகும், வேண்டிய இடத்தில் மட்டும் வேறுபடும். யு.எஸ்.பி. டாங்கிளை உள்ளே கடத்திவிடலாம், ஐ.எஸ்.ஏ. கார்டைக் கடத்த முடியாது என்பது அதன் எல்லை. 1993இல் தொடங்கிய வைன் போன்றவை சார்புநூல். லினக்ஸில் உட்கார்ந்துகொண்டு, நிரல் கேட்கும் விண்டோஸ் வசதிகளுக்கு மட்டும் மாற்று எழுதித் தருபவை. கேட்டது கைவசம் இருந்தால் ஓடும், இல்லாவிட்டால் இல்லை. இந்த மூன்றிலும் சேராத நான்காவது ஒன்று உண்டு. ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸில் கம்பேட்டிபிலிட்டியைத் திறந்து, எக்ஸ்பி என்று டிக் அடிப்பது. அப்போது நிரல் 'நீ எந்த வெர்ஷன்?' என்று கேட்டால், விண்டோஸ் கூசாமல் எக்ஸ்பி என்று பதில் சொல்லும். அந்தக் கேள்விக்கு மேல் வேறெதுவும் கேட்கத் தெரியாத நிரல்கள் இதிலேயே திருப்தியடைந்து ஓடத் தொடங்குகின்றன.

முதல் மறுப்பு: இவ்வளவு பாடுபடுவதற்குப் புதிதாக வாங்கிவிட்டால் என்ன? கருவியில் தேய்வது எது என்று பார்த்தால் பதில் கிடைத்துவிடும். கிரானைட் மேசை தேயவில்லை. அதற்கு வெர்ஷனும் கிடையாது. ஸ்கேலும் ஏர் பேரிங்கும் நன்றாகவே இருக்கின்றன. காலாவதியானது அவற்றோடு பேசும் மொழி மட்டும். 1977இல் ஏவப்பட்ட வாயேஜர்-1 விண்கலத்தில் 2023 நவம்பரில் ஒரு நினைவகச் சிப் பழுதாகி, பூமிக்கு வந்த தரவெல்லாம் குப்பையானது. நாசா பொறியாளர்கள் அந்தச் சிப்பில் இருந்த நிரல் துண்டுகளை நினைவகத்தின் வேறு இடங்களுக்கு மாற்றி எழுதி, 2024 ஏப்ரலில் மறுபடி பொருளுள்ள தரவை வாங்கினார்கள். அதைச் சாதனை என்று உலகம் கைதட்டியது. பீன்யாவில் அதே காரியத்தைச் செய்யும் சர்வீஸ்காரரை, விசிட்டிங் சார்ஜில் பேரம் பேசி அனுப்புகிறோம். மேலும், ஆதரவு இருந்தால் அபாயம் இல்லை என்பதும் உறுதியில்லை. 2014இல் எஃப்.டி.டி.ஐ. நிறுவனம் வெளியிட்ட டிரைவர் ஒன்று, தன் யு.எஸ்.பி. சீரியல் சிப்புகளின் போலிகளைக் கண்டுபிடித்து அவற்றின் அடையாள எண்ணைப் பூச்சியமாக்கியது. அது வந்தது விண்டோஸ் அப்டேட் வழியாக. தாம் வாங்கியது போலி என்றே அறியாதவர்களின் கன்வெர்ட்டர்கள் ஒரே இரவில் ஊமையாயின. அப்டேட்டே இல்லாத எக்ஸ்பிகளை அந்த ஆதரவு எட்டிப் பார்க்கவில்லை.

இரண்டாம் மறுப்பு கனமானது: ஓடுகிறது சரி, வரும் எண் சரியா? பழைய நிரல்கள் பல, இன்டெல் சிப்பின் 80 பிட் மிதவைப் புள்ளிக் கணக்கை நம்பி எழுதப்பட்டவை. பின்னால் வந்தவை 64 பிட்டில் கணக்கிடுகின்றன. கடைசி இலக்கங்கள் மாறத்தான் செய்யும். எவ்வளவு மாறும் என்று போட்டுப் பார்க்கலாம். 100 மில்லிமீட்டர் எஃகுத் துண்டில், 64 பிட் கணக்கின் ஒரு வட்டமாக்கலால் வரும் பிழை, ஒரு மைக்ரானை ஏறத்தாழ 14,000 கோடியாகப் பிரித்தால் கிடைக்கும் ஒரு பங்கைத் தாண்டாது. அளவியலின் ஆதார வெப்பநிலை 20 டிகிரி. அறை அதைவிட ஒரே ஒரு டிகிரி ஏறினால் அதே எஃகு 1.15 மைக்ரான் நீள்கிறது. ஆக, ஏ.சி. ரிமோட்டைக் கையில் வைத்திருப்பவர் இயங்குதளத்தை மாற்றுபவரைவிடப் பல்லாயிரம் கோடி மடங்கு ஆபத்தானவர். உண்மையான ஆபத்து இருக்கும் இடம் வேறு. மூன்று அச்சுள்ள சி.எம்.எம். எதுவும் சரியான சதுரமாகப் பிறப்பதில்லை. நகர்விலும் சாய்விலும் செங்கோணத்திலுமாக அதற்கு 21 வகை வடிவப் பிழைகள் உண்டு. அவற்றை அளந்து, ஒரு காம்பன்சேஷன் ஃபைலில் எழுதி, மென்பொருள் ஒவ்வொரு அளவிலும் கழித்துக்கொள்கிறது. புதிய கணினிக்கு எல்லாவற்றையும் மாற்றிவிட்டு அந்த ஃபைலை மட்டும் மறந்துவிட்டால், மென்பொருள் சில சமயம் முணுமுணுக்காமல் ஓடும், அழகாக ரிப்போர்ட்டும் அச்சிடும், எண் மட்டும் தப்பாக இருக்கும். 'ரன்டைம் எரர் 200' சொல்லிப் படுத்துவிடும் நிரல் இதைவிட யோக்கியமானது.

இங்கேதான் பீன்யாவின் வழக்கம் ஆய்வாளர்களுக்குப் பாடம் சொல்கிறது. 1896இல் சுவீடனின் யோஹான்சன் வகுத்த ஸ்லிப் கேஜ், நீளம் தெரிந்த ஓர் எஃகுக் கட்டி. அதற்கு இயங்குதளம் எதுவும் தேவையில்லை. கணினி மாறினாலும், ஹார்ட் டிஸ்க் மாறினாலும், சர்வீஸ்காரர் வந்து போனாலும், அனுபவமுள்ள இன்ஸ்பெக்டர் முதலில் செய்வது அந்தக் கட்டியையோ ஒரு மாஸ்டர் ரிங்கையோ மேசைமேல் வைத்து அளப்பதுதான். எண் சரியாக வந்தால் வேலை தொடங்கும். ஆய்வகங்களுக்கான என்.ஏ.பி.எல். அங்கீகாரத்துக்கு அடிப்படையான ஐ.எஸ்.ஓ. 17025 தரநிலையும் ஏறத்தாழ இதையே சொல்கிறது: சந்தையில் பரவலாக விற்கும் மென்பொருளை, அது எதற்காக ஆக்கப்பட்டதோ அந்த எல்லைக்குள் பயன்படுத்தினால் போதுமான அளவு சரிபார்த்ததாகவே கொள்ளலாம். எல்லைக்கு வெளியே போனால் சரிபார்ப்பது உங்கள் பொறுப்பு. வெளியே போகாதே என்று அது தடுக்கவில்லை. போனால் அளந்து காட்டு என்கிறது.

மூன்றாம் மறுப்பு பாதுகாப்பு பற்றியது. இதற்கு நன்னூலார் சொன்ன ஏழு மதங்களில், அதாவது நூலாசிரியரின் கொள்கைகளில், முதலாவதான உடன்படலைக் கைக்கொள்கிறோம். நெட் இணைப்பைப் பிடுங்கிவிட்டோம் என்பது பாதி பதில்தான். 2010இல் அம்பலமான ஸ்டக்ஸ்நெட் என்ற நச்சுநிரல், இணையமே எட்டாத ஈரானிய ஆலைக்குள் பென்டிரைவில் ஏறிப் போனது. 2017 மே மாதம் வானாக்ரை நச்சுநிரல் பரவியபோது, கைவிட்ட எக்ஸ்பிக்கும் ஒரு திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அவசரமாக வெளியிட வேண்டியிருந்தது. ஆகவே எக்ஸ்பி கணினியில் மெயில் பார்ப்பதும், பாட்டு கேட்பதும், எல்லார் பையிலும் புழங்கும் பென்டிரைவைச் செருகுவதும் இந்த ஆய்வின் ஆதரவைப் பெறமாட்டா.

தீர்ப்பு இது. ஆதரவு முடிந்த இயங்குதளத்தில் அளவை மென்பொருளை ஓட்டுவது குற்றம் இல்லை. தெரிந்த அளவை வைத்துப் பார்க்காமல் ஓட்டுவதே குற்றம், அது நேற்று வாங்கிய விண்டோஸ் 11 ஆனாலும் சரி. நிரூபித்தது போக மிஞ்சியிருப்பது வாசகருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஷெட்டில் அப்படி ஒரு கணினி இருந்தால், அது உயிரோடு இருக்கும்போதே ஹார்ட் டிஸ்கை முழுதாகக் குளோன் எடுத்து, காம்பன்சேஷன் ஃபைலைத் தனியாக இரண்டு இடத்தில் வையுங்கள். ஆயுத பூஜைவரை தள்ளிப்போட வேண்டாம். இந்த வாரமே செய்யுங்கள்.